பாம் வேக்ஸ் மெழுகுவர்த்தி: ராயபுரத்து வீட்டில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை

வீட்டிலிருந்தபடியே ஏதாவது செய்து நாலு காசு பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவது மெழுகுவர்த்திதான். சின்ன அடுக்களை போதும், சரக்கு கெட்டுப்போகாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கிடையாது. நானும் அப்படித்தான் இறங்கினேன். அதிலும் பாமாயிலிலிருந்து செய்கிற பாம் வேக்ஸ் என்ற மெழுகைப் பிடித்துக்கொண்டேன். கிட்டத்தட்ட 24,000 ரூபாய் போனது. கையில் ஒரு தழும்பு. ஒரு நல்ல குடும்பத்தின் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டி வந்தது. இதில் முக்கால்வாசி, விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசியிருந்தால் நடந்தே இருக்காது. எனக்கு அப்படி ஆள் கிடைக்கவில்லை. அடுத்து இறங்குகிறவர்களுக்காவது தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது கல்மண்டபம் பக்கம், ஒரு வீட்டின் முதல் மாடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தெருக்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. பெட்டிக்கடைகளில் மெழுகுவர்த்தி தீர்ந்துபோனது. இருந்த கடையில் வைத்ததுதான் விலை. இதை நாமே செய்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. முன்பு பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாவது குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு மணலியில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் என்றால் வீட்டில் நானும் பிள்ளைகளும்தான். அவர்கள் தூங்கிய பிறகு செய்கிற வேலையாக இது ஒத்துவரும் என்று நம்பினேன்.

முதலில் ஒருநாள் வகுப்புக்குப் போனேன். கட்டணம் 3,500 ரூபாய். ஏசி ஹாலில் பாரஃபினிலும் சோயாவிலும் செய்து காட்டினார்கள். பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது, நம் மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே தயாராகிறது. சோயா மெழுகு ஜாடியில் ஊற்றி அப்படியே எரிக்கிற மெழுகுவர்த்திக்குத் தோதானது. பாம் வேக்ஸ் பற்றிக் கேட்டேன். "அதுவும் இப்படித்தான் மேடம், உருக்கி ஊத்த வேண்டியதுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் மிச்சமெல்லாம் நடந்தது. போகும்போது 6,500 ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கினால்தான் தொழில் தொடங்க முடியும் என்றார்கள். தெர்மாமீட்டர், உருக்கும் ஜாடி, திரிக்கட்டு, சிலிக்கான் மோல்டுகள் (ஊற்றுகிற அச்சுகள்), கொஞ்சம் கலர். இதே சாமான்களைப் பாரிமுனையில் தெருத் தெருவாக விசாரித்து வாங்கியிருந்தால் பாதி விலைகூட ஆகியிருக்காது என்று பிறகு தெரிந்தது. வகுப்புக்குப் போவதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் எந்த மெழுகில் செய்யப்போகிறீர்களோ அதிலேயே ஒன்றை உங்கள் கண் முன்னால் ஊற்றி, ஆறவைத்து, எரித்துக் காட்டுவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பாம் வேக்ஸை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நம்ம ஊர் வெயில். சோயா ஜாடி மெழுகு 50 டிகிரி வருவதற்குள்ளேயே இளக ஆரம்பித்துவிடும். சித்திரை மாதத்தில் ஆட்டோவிலோ பைக் பெட்டியிலோ வைத்துக் கொண்டுபோனால் நெகிழ்ந்து, எண்ணெய் கசிந்து, பார்க்கவே சகிக்காது. பில்லர், அதாவது ஜாடி இல்லாமல் தூண் மாதிரி தனியாக நிற்கிற மெழுகுவர்த்தி, செய்கிற பாம் வேக்ஸ் சுமார் 60 டிகிரியில்தான் உருகும். கெட்டியாக, உலர்ந்து நிற்கும். அதைவிட முக்கியம், அதன் மேல் தானாகவே விழும் படிகக் கோலம். கோழி இறகை அழுத்தி எடுத்ததுபோல மேலெல்லாம் வரிவரியாக ஓடும். எந்தப் பொடியும் சேர்க்காமல், ஆறும்போது மெழுகே போட்டுக்கொள்கிற கோலம் அது. அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். இன்றைக்கும் எனக்கு அந்த மயக்கம் தீரவில்லை.

இந்த மெழுகு எண்ணெய்ப்பனைப் பழத்திலிருந்து எடுக்கும் பாமாயிலைக் கெட்டிப்படுத்திச் செய்வது. நம் ஊர்ப் பனைமரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உலகத்துக்குப் பெரும்பாலான பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. அங்கே இதற்காகக் காடுகள் அழிக்கப்பட்டிருக்கின்றன. "இயற்கை மெழுகு" என்று சொல்லி விற்கும்போது அதையும் சேர்த்துத் தெரிந்து வைத்திருப்பதுதான் நியாயம். 2004இல் தொடங்கிய ஆர்.எஸ்.பி.ஓ என்ற அமைப்பு, காட்டை அழிக்காமல் விளைந்த பாமாயிலுக்குச் சான்று தருகிறது. அந்தச் சான்றுள்ள மெழுகு இருக்கிறதா என்று நான் இப்போது ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். கேட்கிறவர்கள் கூடினால்தான் விற்பவர்கள் வரவழைப்பார்கள். இன்னொரு விஷயம், பாம் வேக்ஸ் என்ற ஒரே பெயரில் ஜாடிக்கு ஒரு வகையும் பில்லருக்கு ஒரு வகையும் வருகின்றன. ஜாடி வகையை மோல்டில் ஊற்றினால் இறகு சரியாக விழாது. "பில்லருக்கு, கிரிஸ்டல் விழுகிற வகை" என்று வாய்விட்டுச் சொல்லி வாங்குங்கள்.

முதல் மாதிரிகளை 2024 மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் செய்தேன். கிட்டில் வந்த சிலிக்கான் மோல்டில் எனக்குக் கோலம் வரவில்லை, வெறும் வெள்ளையாக வந்தது. அலுமினிய மோல்டு ஒன்று வாங்கி ஊற்றினேன். மத்தியான வேளை. அனல் காற்று வருகிறது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தேன், தூள் மெழுகு பறக்கும் என்று ஃபேனையும் போடவில்லை. சாயங்காலம் மோல்டைக் கவிழ்த்தபோது மெழுகுவர்த்தி தானாக வழுக்கிக் கையில் வந்து விழுந்தது. சுற்றிலும் இறகு. பிள்ளைகள் இரண்டும் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த மாதிரியைப் போட்டோ எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

அதைப் பார்த்துவிட்டுப் பெரம்பூரிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். டிசம்பர் நடுவில் பேரனுக்கு ஞானஸ்நானம், வருகிறவர்களுக்கு ரிடர்ன் கிஃப்ட்டாக 120 மெழுகுவர்த்தி வேண்டும். இரண்டு அங்குல விட்டம், மூன்று அங்குல உயரம், இளநீல நிறம், லேசான மல்லி வாசனை. ஒன்று 110 ரூபாய் என்று பேசி முடித்து, 5,000 அட்வான்ஸ் அனுப்பினார். அப்படி ஒன்றுக்கு 140 கிராம்போல மெழுகு பிடிக்கும். 20 கிலோ பாம் வேக்ஸ் கிலோ 260 மேனிக்கு 5,200, அலுமினிய மோல்டு 24 எண்ணம் 3,600, வாசனை எண்ணெய் 2,400. ஆண்டர்சன் தெருவில் டப்பாவும் லேபிளும் அடித்தது 2,800. எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிட்டு, கார்த்திகை பிறந்ததும் ஊற்ற ஆரம்பித்தேன்.

ஒன்றிலும் கோலம் ஒழுங்காக விழவில்லை. சிலது மொழுமொழுவென்று சோப்பு மாதிரி. சிலதில் ஒரு பக்கம் மட்டும் இறகு, மறுபக்கம் மொட்டை. சிலது குறுக்கே மயிரிழை விரிசலோடு வந்தது. அதே மெழுகு, அதே கை, அதே மோல்டு. விற்றவருக்குப் போன் செய்தால் "எல்லாருக்கும் வருதே மேடம், நீங்க ஏதோ மிஸ் பண்றீங்க" என்றார். எதை என்று அவராலும் சொல்ல முடியவில்லை. வகுப்பு நடத்தியவர்கள் போனையே எடுக்கவில்லை. ராத்திரி பன்னிரண்டு ஒரு மணிக்கு, சத்தமில்லாமல் மோல்டைத் தட்டி, உடைத்து, திரும்ப உருக்கி, திரும்ப ஊற்றி. யாரிடம் போய்ச் சொல்வது? வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தவள் பணத்தைக் கொண்டுபோய் அடுப்பில் கொட்டுகிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களே என்ற பயம் வேறு. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை வந்து எல்லாவற்றையும் ஈரமாக்கியது. தேதி நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை.

முதலில் பிடிபட்டது தெர்மாமீட்டர். சென்னை கடல் மட்டத்தில் இருக்கிற ஊர். இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். தளதளவென்று கொதிக்கிற நீரில் அந்த கிட் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 108 காட்டியது. அப்படியென்றால் அது 95 என்று காட்டும்போது மெழுகு உண்மையில் 87தான். பாம் வேக்ஸ் கோலம் போட வேண்டுமானால் ஊற்றும்போது 93இலிருந்து 95 டிகிரி இருக்க வேண்டும். பாரஃபினுக்கும் சோயாவுக்கும் இவ்வளவு சூடு தேவையில்லை என்பதால்தான் இதை அங்கே யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. எந்தத் தெர்மாமீட்டர் வாங்கினாலும் முதல் வேலையாகக் கொதிநீரில் விட்டுப் பாருங்கள். இன்னொன்று, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் ஜாடியைச் சும்மா உட்காரவைத்தால் மெழுகு 88, 90 தாண்டுவது பெரும் பாடு. ஜாடியின் முக்கால் பங்கு தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும், மேலே தட்டு போட்டு மூடவும் வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மெழுகுக்குள் விழக்கூடாது.

சூடு சரியான பிறகும் ஒருபக்க மொட்டை போகவில்லை. ஒருநாள் மோல்டுகளை மேடையில் வைத்த இடத்திலேயே நம்பர் எழுதிவைத்து, காலையில் வரிசையாக எடுத்துப் பார்த்தேன். ஜன்னலோரம் இருந்தவற்றில் ஜன்னல் பக்கத்து முகம் மட்டும் மொட்டை. சுவர் ஓரம் இருந்தவற்றில் கோலம் ஓரளவு விழுந்திருந்தது. எங்கள் அடுக்களை ஜன்னல் கிழக்கே, கடலைப் பார்த்தது. கார்த்திகை மாதத்து வாடைக்காற்று ராத்திரி முழுக்க அதன் வழியாக வந்து அந்த முகத்தை மட்டும் சீக்கிரம் ஆறவைத்திருக்கிறது. பாம் வேக்ஸில் படிகம் வளர நேரம் வேண்டும். மெதுவாக ஆறினால் இறகு நீண்டு வளரும், சட்டென்று ஆறினால் வளர்வதற்குள் உறைந்துவிடும், ஒரு பக்கம் வேகமாகவும் ஒரு பக்கம் மெதுவாகவும் ஆறினால் இழுத்துக்கொண்டு விரிசல் விடும். மே மாதத்தில் சாத்திய ஜன்னலும் அந்த வெக்கையும்தான் என் மாதிரியை அவ்வளவு அழகாகச் செய்துகொடுத்தன. அந்த மாதிரியைக் காட்டித்தான் மழைக்கால ஆர்டரை எடுத்திருக்கிறேன். நீங்கள் எந்தப் பருவத்தில் செய்து கொடுக்கப்போகிறீர்களோ அந்தப் பருவத்தில் மாதிரி செய்து பாருங்கள். கடலோரம் இருப்பவர்கள் காற்று வரும் திசையையும் பாருங்கள்.

வழி காசிமேட்டில் கிடைத்தது. மீனை ஐஸ் போட்டு அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி. குளிரை உள்ளே பிடித்துவைக்கிற பெட்டி சூட்டையும் பிடித்துவைக்கும்தானே. புதுப் பெட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள், பழையதில் மீன் வாடை போகாது. தெர்மாகோல் அதிகச் சூடு தாங்காது, சூடான உலோகம் பட்டால் குழிந்து உருகிவிடும். அதனால் அடியில் ஒரு பலகை, சுற்றிலும் தடித்த அட்டை கொடுத்து, மோல்டு எங்கேயும் பெட்டியைத் தொடாதபடி வைக்க வேண்டும். ஊற்றுவதற்கு முன்னால், காலி மோல்டுகளை உள்ளே அடுக்கி, நடுவில் கொதிநீர் ஊற்றி இறுக மூடிய ஒரு எவர்சில்வர் தூக்கை வைத்துப் பெட்டியைச் சாத்திவிடுவேன். கால் மணி நேரத்தில் மோல்டெல்லாம் கதகதவென்று ஆகிவிடும். பிறகு ஊற்றி, மூடி, மேலே ஒரு பழைய போர்வை. காலையில் திறந்தால் சுற்றிலும் இறகு. மே மாதத்து மாதிரியைவிட நன்றாகவே வந்தது.

அந்த அவசரத்தில்தான் கை வெந்தது. ஜாடியைத் தூக்கும்போது கைப்பிடி நழுவி இடது மணிக்கட்டில் மெழுகு கொட்டியது. வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். மெழுகு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் பெரியவர்கள் யாருமில்லை, கத்தினால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குழாயடியில் நின்றேன். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம். ஒட்டின மெழுகைப் பிய்க்க வேண்டாம், தோலோடு வரும். பேனா மை, பற்பசை, இட்லி மாவு எதையும் பூச வேண்டாம். காலையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து போட்டுக்கொண்டேன். இப்போது முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை இல்லாமல் ஜாடியைத் தொடுவதில்லை. கேஸ் அடுப்பையும் விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறிவிட்டேன், திறந்த தீ பக்கத்தில் வேண்டாம் என்று. மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ பொங்கிப் பரவும். தட்டைப் போட்டு மூடி, அடுப்பை அணைக்க வேண்டும். உருக்குகிற இடத்தில் மூடியும் ஒரு டப்பா சோடா உப்பும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

120ஐயும் முடித்து, டப்பாவில் போட்டு, ஆட்டோ வைத்துப் பெரம்பூர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்காவுக்கு ரொம்பச் சந்தோஷம். அங்கேயே மீதி 8,200 ரூபாயையும் கொடுத்து, "ஃபாதருக்கும் ஒண்ணு தரணும்மா" என்று சொல்லித் தனியாக எடுத்துவைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். விழா முடிந்த வாரமே போன் வந்தது. "கோவிச்சுக்காதம்மா, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். அவருடைய நாத்தனார் வீட்டில் டிவி ஸ்டாண்டின் மேல் ஏற்றிவைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் நன்றாக எரிந்ததாம். திடீரென்று மேலே இருந்த உருகின மெழுகெல்லாம் உள்ளே இறங்கி, திரி குழிக்குள் பெரிதாக எரிந்து, பக்கச் சுவர் உடைந்து மரத்தின் மேலெல்லாம் வழிந்திருக்கிறது. "குழந்தைங்க நடமாடுற வீடும்மா" என்றார். திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. வேறு சிலர் கொஞ்ச நேரத்திலேயே அணைந்துவிடுகிறது என்று சொன்னதாகவும் சொன்னார்.

மிச்சம் இருந்த ஒன்றை எடுத்து, கத்தியைச் சுடவைத்து நெடுக்காகப் பிளந்தேன். வெளியே அவ்வளவு அழகான இறகு. உள்ளே திரியை ஒட்டி, மேலிருந்து விரல்கட்டை ஆழத்தில், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. அதன் உட்சுவரிலும் சின்னச் சின்னப் படிகம் முளைத்திருந்தது. அதற்குக் கீழே இன்னும் ஒன்று. அடுத்ததைப் பிளந்தால் அதிலும் பொந்து. பாம் வேக்ஸ் உறையும்போது சுருங்குகிற மெழுகு. அதனால்தான் மோல்டிலிருந்து அவ்வளவு சுலபமாக வழுக்கி வருகிறது. முதலில் வெளிச்சுற்று உறைகிறது, பிறகு மேலே ஏடு கட்டுகிறது. கடைசியில் நடுவில் இருப்பது சுருங்கும்போது இழுத்துக்கொள்ள மெழுகு இல்லாமல் திரிக்குப் பக்கத்தில் வெற்றிடம் விழுகிறது. வெளியிலிருந்து எப்படிப் பார்த்தாலும் தெரியாது. இதை அந்த வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெழுகு மூட்டையின் மேல் ஒரு வரி அச்சடித்திருந்தால்கூடப் போதும். ஒரு குழந்தை பக்கத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை 13,200 ரூபாயையும் திருப்பி அனுப்பிவிட்டு, கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிடும்படி அக்காவிடம் கேட்டுக்கொண்டேன்.

பொந்துக்கு மருந்து கோணி ஊசி. இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம், தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். ஊற்றிய பிறகு மேலே ஏடு கட்டும் வரை காத்திருங்கள். என் பெட்டியில் அதற்கு ஒரு மணி நேரம் போல ஆகிறது. உங்கள் வீட்டில் கூடக் குறைய இருக்கும், கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஏடு வெள்ளையாகி, தொட்டால் பள்ளம் விழுகிற பதத்தில், திரியைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் கோணி ஊசியைக் குத்தி, முக்கால் ஆழம் வரை இறக்குங்கள். திரியிலோ மோல்டுச் சுவரிலோ படக்கூடாது. ஓட்டை மூடிக்கொண்டே வரும், திரும்பக் குத்தித் திறந்துவிடுங்கள். உள்ளே இருக்கிற வெற்றிடத்துக்கு அதுதான் வாசல். மெழுகு நன்றாக இறுகிப் பள்ளம் தெரிந்ததும், முதலில் ஊற்றும்போதே கொஞ்சம் தனியாக எடுத்துவைத்த மெழுகைத் திரும்பச் சூடாக்கி அந்த ஓட்டைகள் வழியாக நிரப்புங்கள். முதலில் ஊற்றிய மட்டத்துக்கு ஒரு நூல் கீழேயே நிறுத்திவிட வேண்டும். மேலே போனால் மோல்டுக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவில் வழிந்து இறகுக் கோலத்தின் மேல் தோல் மாதிரி படிந்துவிடும். பிறகு தானாக ஆறட்டும். சீக்கிரம் வேண்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்தால் விரிசல்தான். ஒவ்வொரு ஈட்டிலும் ஒன்றைப் பிளந்து பாருங்கள். உடைத்ததைத் திரும்ப உருக்கிக்கொள்ளலாம், மெழுகு வீணாகாது. பல முறை உருக்கினால் மட்டும் நிறமும் வாசனையும் குறையும்.

அணைந்துபோனதற்குக் காரணம் திரி. கிட்டில் வந்தது சோயா ஜாடிக்கான மெல்லிய திரி. பாம் வேக்ஸ் கெட்டி, அதை உருக்கப் பெரிய சுடர் வேண்டும், ஆகவே தடித்த பின்னல் பருத்தித் திரி வேண்டும். மெல்லிய திரி நடுவில் மட்டும் குழி தோண்டிக்கொண்டு இறங்கி, தன் மெழுகிலேயே மூழ்கிவிடும். எந்த நம்பர் திரி என்று கடையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். விட்டம், கலர், வாசனை எது மாறினாலும் திரி மாறும். மூன்று நான்கு தடிமனில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்று செய்து, திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டி ஏற்றிப் பாருங்கள். ஒரு அங்குல விட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. இரண்டு அங்குல மெழுகுவர்த்தியில் இரண்டு மணி நேரத்தில் உருகின குளம் கிட்டத்தட்ட விளிம்பு வரை வந்திருக்க வேண்டும், சுவர் உடையக்கூடாது. ஃபேனை நிறுத்திவிட்டு அடி வரை எரித்துப் பார்க்க வேண்டும். செய்த அன்றைக்கே எரித்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், ஒரு வாரமாவது ஆறவிட்டு எரியுங்கள்.

வாசனை எண்ணெய் கிலோவுக்கு 50 கிராமுக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. கூட ஊற்றினால் மெழுகு குடிக்காது, மேலே முத்துமுத்தாக வியர்க்கும். ஊதுபத்திக்கு விற்கிற செண்ட் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம், மெழுகுவர்த்திக்கு என்றே கேட்டு வாங்குங்கள். கேசரிப் பவுடர் போன்ற சமையல் கலர் மெழுகில் கரையாது. பிள்ளைகளின் கிரேயான் கரையும், ஆனால் திரியை அடைத்துவிடும். எண்ணெயில் கரையும் மெழுகுச் சாயம் துளி போதும். வெள்ளையைவிட லேசாக நிறம் ஏற்றினால்தான் இறகு எடுப்பாகத் தெரியும். ஜாடியைக் கழுவும்போது சூடாக இருக்கையிலேயே பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். மெழுகுத் தண்ணீர் சாக்கடைக் குழாயில் போனால் உறைந்து அடைத்துக்கொள்ளும், மாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அது கீழ்வீட்டோடு சண்டையில் போய் முடியும்.

கணக்கு எழுதினவள் என்பதால் எல்லாவற்றையும் நோட்டில் வைத்திருக்கிறேன். வகுப்பு 3,500, கிட் 6,500, மெழுகு 5,200, மோல்டு 3,600, வாசனை 2,400, டப்பாவும் லேபிளும் 2,800. மொத்தம் 24,000. ஆட்டோ, கேஸ், மருந்து தனி. கையில் நின்றது மோல்டும் கொஞ்சம் மெழுகும்தான். இன்றைக்குத் தொடங்குகிறவர் ஒரு கிலோ மெழுகு, இரண்டு அலுமினிய மோல்டு, சரியான தெர்மாமீட்டர், நாலு வகைத் திரி, ஒரு தெர்மாகோல் பெட்டி, கோணி ஊசி என்று வாங்கினால் 2,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். அதிலேயே முழுவதும் கற்றுக்கொள்ளலாம். உத்யம் என்ற சிறுதொழில் பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணமே கிடையாது, வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவர்களிடம் போக வேண்டாம். டப்பாவில் போட்டு விற்றால் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், எம்.ஆர்.பி. எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும் என்பது சட்டம். லேபிளை மொத்தமாக அடித்துவிடாதீர்கள், அளவு மாறினால் எடையும் மாறும்.

பெரம்பூர் அக்காவுக்கு அடுத்த ஈஸ்டருக்குப் புதிதாகச் செய்து, ஒன்றைப் பிளந்தும் காட்டிக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன், பிடிவாதமாகக் கொடுத்தார். இப்போது ஆர்டர் கேட்டு வருகிறவர்களிடம் ஆறு வாரம் முன்னால் சொல்லச் சொல்கிறேன். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால், அவர்கள் கேட்கிற அளவில், நிறத்தில், வாசனையில் இரண்டு செய்து, ஒன்றை நான் அடி வரை எரித்துப் பார்த்துவிட்டு, இன்னொன்றை அவர்கள் வீட்டில் எரித்துப் பார்க்கக் கொடுத்து அனுப்புகிறேன். புது மூட்டை பிரித்தால், பழைய மூட்டை நன்றாக வந்ததே என்று விடுவதில்லை. மூட்டைக்கு மூட்டை மெழுகு கொஞ்சம் மாறும். அதனால் மூட்டையின் லாட் நம்பரை நோட்டில் எழுதி, அதற்கு ஊற்றிய சூடு, குத்திய நேரம், போட்ட திரி மூன்றையும் பக்கத்திலேயே குறித்துவைக்கிறேன்.